எல்லையோர ஊரில் ஒரு ஃபைனல்!

மத்தூர் என்றதும் உங்களில் பலருக்கு வடைதான் ஞாபகம் வரும். ரவை, மைதா, அரிசி மாவு, வெங்காயம் எல்லாம் கலந்து தட்டையாகத் தட்டி, மொறுமொறுவென்று பொரித்தெடுக்கிறார்களே, அந்த வடையின் ஊர் வேறு. அது பெங்களூருக்கும் மைசூருக்கும் நடுவே, மாண்டியா மாவட்டத்து மத்தூர். நான் சொல்ல வந்தது நம் கிருஷ்ணகிரி மாவட்டத்து மத்தூர். ஒரே பெயரில் அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று! இந்தச் சீமையில் பாதி விஷயங்கள் இப்படித்தான் இரண்டு பக்கமும் இருக்கின்றன.

கிருஷ்ணகிரியிலிருந்து ஊத்தங்கரை வழியாகத் திருவண்ணாமலை போகிற சாலையில் இருக்கிறது ஊர். வழி நெடுக மாந்தோப்பும் தென்னந்தோப்பும்தான். இங்கே அதிகமாக விளைகிற கிளிமூக்கு மாங்காய்க்கு என்ன பெயர் தெரியுமோ? 'பெங்களூரா'! விளைவது நம் மண்ணில், பெயர் அவர்கள் ஊரின் பெயர். தோப்புக்குத் தண்ணீர் தருகிற தென்பெண்ணையும் கர்நாடகாவின் நந்தி மலையில் பிறந்து, ஓசூர் வழியாகக் கிருஷ்ணகிரி அணைக்கு வந்து சேருகிற ஆறுதான். சரித்திரத்தைப் புரட்டினால் இன்னும் வேடிக்கை. பாராமகால் என்று அழைக்கப்பட்ட இந்தப் பிரதேசம் மைசூர் ராஜ்யத்தில்தான் இருந்தது. திப்பு சுல்தானிடமிருந்து 1792-ல்தான் இங்கிலீஷ்காரர்கள் கைக்கு வந்தது.

இந்த ஊரில்தான் என் பெரியம்மா வீடு. 2021-ம் வருஷம் கார்த்திகை தீபத்துக்குப் போயிருந்தேன். நாலு நாள் தங்கிப் பேசிவிட்டு வரலாம் என்று போனவளுக்கு ஒரு கிரிக்கெட் ஃபைனலும் சேர்ந்து கிடைத்தது.

"கிரிக்கெட்டா? அது ஆம்பிளைங்க சமாசாரம்" என்று பக்கத்தைத் திருப்பி விடாதீர்கள். இந்த ஃபைனல் சமையற்கட்டு வரைக்கும் வந்த ஃபைனல்!

இரண்டு பக்கமும் உறவு

பெரியம்மாவின் மகள், அதாவது எனக்கு அக்கா, பெங்களூரில் வாழ்க்கைப்பட்டவள். மகன், எங்கள் அண்ணன், ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை. மனைவியும் மகளும் மத்தூரில் பெரியம்மாவோடு இருக்க, ஞாயிற்றுக்கிழமை தோறும் வந்து போகிறார். இது ஏதோ அபூர்வமான குடும்பம் என்று நினைக்காதீர்கள். எழுபதுகளில் தொடங்கி ஓசூரில் ஒவ்வொன்றாகத் தொழிற்சாலைகள் வந்ததும் இந்தப் பக்கத்து வீடுகள் பலவற்றில் ஒருவர் ஓசூரிலும் ஒருவர் பெங்களூரிலும் என்று ஆகிவிட்டது. ஓசூரிலிருந்து பெங்களூர் நாற்பது கிலோமீட்டர்தானே! கடைத்தெருவில் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றையும் ஒரே வாக்கியத்தில் கேட்கலாம்.

கார்த்திகைக்கு அக்கா தன் ஒன்பது வயதுப் பையனோடு வந்திருந்தாள். அண்ணன் மகளுக்குப் பத்து வயது. தீபத்தன்று இரண்டும் ஒன்றாய் அகல் ஏற்றி, ஒன்றாய்ப் பொரி உருண்டை தின்று, ஒரே பாயில் தூங்கின. மறுநாள் சனிக்கிழமை. சாயங்காலம் பார்த்தால் ஒன்று இந்த மூலையில், இன்னொன்று அந்த மூலையில்!

விஷயம் இதுதான். அன்றைக்கு சையத் முஷ்டாக் அலி கோப்பையின் அரையிறுதி ஆட்டங்கள். மாநிலங்களுக்குள் நடக்கிற இருபது ஓவர் போட்டி இது. தமிழ்நாடு ஹைதராபாத்தை 90 ரன்னுக்குள் சுருட்டிவிட்டது. கர்நாடகா விதர்பாவை நாலே ரன்னில் தப்பிப் பிழைத்து ஜெயித்தது. ஆக, திங்கட்கிழமை நவம்பர் 22-ந் தேதி டில்லியில் ஃபைனல்: தமிழ்நாடும் கர்நாடகாவும்!

டி.வி.யில் "தமிழ்நாடு, கர்நாடகா மோதல்" என்று சொன்னதுதான் தாமதம், அடுப்படியிலிருந்து பெரியம்மா கரண்டியும் கையுமாக ஓடி வந்தார்.

"என்னாடி, மறுபடியுமா? பஸ் நிறுத்திட்டானா?"

"அய்யோ அம்மா, மாட்ச்சும்மா! கிரிக்கெட் மாட்ச்!" என்றாள் அக்கா.

பெரியம்மா அப்படியே ஊஞ்சலில் உட்கார்ந்து விட்டார். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அவர் மட்டும் சிரிக்கவில்லை.

பெரியம்மாவின் பயம்

அந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு. 2016 செப்டம்பரில் காவிரிப் பிரச்னை கொதித்ததே, நினைவிருக்கிறதா? 12-ந் தேதி பெங்களூரில் தமிழ்நாட்டு பஸ்களும் லாரிகளும் எரிந்தன. இரண்டு மாநிலத்துக்கும் நடுவே பஸ் நின்று போயிற்று. அக்கா அப்போது நாலு வயதுப் பிள்ளையோடு மத்தூரில் மாட்டிக் கொண்டாள். அத்தான் பெங்களூரில். போனில் குரல் கேட்பதே ஆறுதல் என்கிற நிலைமை.

சில நாள் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கிளம்பினார்கள். ஓசூர் வரைக்கும்தான் பஸ். அதற்கப்புறம் ஜூஜூவாடியிலிருந்து அத்திப்பள்ளி வரை ஜனங்களெல்லாம் மூட்டை முடிச்சோடு நடந்துதான் எல்லையைத் தாண்டினார்கள். பெரியப்பா பேரனைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்து, அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டுவிட்டுத் தனியே திரும்பி நடந்து வந்தாராம். அவர் இப்போது இல்லை. அந்தப் பையனுக்கு அந்த நடை இன்னும் ஞாபகம் இருக்கிறது. "தாத்தா தோள்லேர்ந்து பாத்தா ரோடு பூரா தலை தலையா இருந்துச்சு" என்கிறான்.

பெண்ணை எல்லைக்கு அப்பால் கொடுத்த எந்தத் தாய்க்கும் இரண்டு மாநிலப் பெயரையும் ஒரே மூச்சில் கேட்டால் வயிறு கலங்கத்தான் செய்யும்.

சந்தையிலும் அதே பேச்சு

மறுநாள் ஞாயிறு. போச்சம்பள்ளிச் சந்தை. மத்தூருக்குப் பக்கத்திலேதான். ஆடு, கோழி, காய்கறி, புளி, பானை, பாய் என்று எதைக் கேட்டாலும் கிடைக்கிற பெரிய வாரச்சந்தை. வெயில் ஏறுவதற்குள் போய்விட்டால் நிதானமாகப் பார்த்து வாங்கலாம். அந்த நவம்பரில்தான் மழை பின்னி எடுத்து, தென்பெண்ணையில் வெள்ளம் கரை புரண்டு ஓடியது. சந்தை முழுக்கச் சேறு. அரைமுழம் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மாஸ்க்கை மாட்டிக்கொண்டு நடந்தோம்.

அங்கேயும் கிரிக்கெட்! செல்போன் கவர் விற்கிற பையன்கள், தேங்காய் உரிக்கிறவர், இளநீர்க் கடைக்காரர் எல்லோரும் பழைய கணக்கைத்தான் புரட்டிக் கொண்டிருந்தார்கள். எனக்கே அன்றைக்குத்தான் இவ்வளவும் தெரிந்தது.

2015 மார்ச்சில் பம்பாயில் ரஞ்சிக் கோப்பை ஃபைனல். தமிழ்நாடு முதலில் ஆடி 134 ரன். கர்நாடகா 762 ரன்! அதில் கருண் நாயர் ஒருவர் மட்டும் 328. ஒரு இன்னிங்ஸும் 217 ரன்னும் வித்தியாசத்தில் நம்மவர்கள் தோற்றார்கள். 2019 அக்டோபர் 25-ந் தேதி, தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால், பெங்களூரிலேயே விஜய் ஹசாரே கோப்பை ஃபைனல். அபிமன்யு மிதுன் தன் பிறந்த நாளன்று ஹாட்ரிக் எடுத்தார். மழை குறுக்கிட்டும் கர்நாடகாவுக்கே கோப்பை. அதே வருஷம் டிசம்பர் 1-ந் தேதி சூரத்தில் இருபது ஓவர் ஃபைனல். கர்நாடகா 180, தமிழ்நாடு 179. ஒரே ஒரு ரன்!

"மூணு தடவை ஆச்சு. நாலாவது தடவை விடமாட்டோம்" என்றார் இளநீர்க்காரர். "மூணு தடவை ஆச்சு, நாலாவதும் எங்களுக்கே" என்றது அக்கா பையனின் குரல். இளநீர்க்காரர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "நீ எந்த ஊருடா தம்பி?"

பையன் ஒன்றும் பேசவில்லை. வீடு வரும் வரைக்கும் வாயே திறக்கவில்லை.

ராத்திரி அக்கா என்னிடம் சொன்னாள்: "அவனுக்கு இதான் கஷ்டம். அங்கே ஸ்கூல்ல 'நீ தமிழ்'ங்கறாங்க. இங்கே வந்தா 'பெங்களூர்க்காரன்'ங்கறாங்க. நாளைக்கு யார் ஜெயிச்சாலும் ஒரு பக்கம் இவனைக் கிண்டல் பண்ணத்தான் போறாங்க."

சகோதரிகளே, குழந்தைகளை வேடிக்கைக்காகக்கூட "நீ அம்மா பக்கமா, அப்பா பக்கமா?" என்று கேட்கிறோம் அல்லவா? நாம் கேட்டுவிட்டு மறந்து விடுகிறோம். குழந்தை அதை மனசில் வைத்துப் புரட்டிக் கொண்டே இருக்கிறது.

கூடத்தில் அவரை பிதுக்கல்

சந்தையில் வாங்கி வந்த அவரைக்கொட்டையை மத்தியானமே ஊறப்போட்டிருந்தார் பெரியம்மா. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அண்டாவை நடுவில் வைத்து எல்லோரும் சுற்றி உட்கார்ந்தோம். கொட்டையை இரண்டு விரலால் அழுத்தினால் தோல் கழன்று பருப்பு 'பிதுக்' என்று வெளியே துள்ளும். அதனால்தான் பிதுக்கம் பருப்பு. கன்னடத்தில் 'ஹிதுகித பேளே' என்கிறார்கள். அர்த்தமும் அதேதான், குழம்பும் கிட்டத்தட்ட அதேதான்.

குழந்தைகள் இரண்டும் யார் பருப்பு தூரமாய்த் தெறிக்கிறது என்று போட்டி போட ஆரம்பித்தன. மூலைக்கொன்றாய் இருந்தவை எப்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்தன என்று நான் கவனிக்கவே இல்லை. அண்ணன் மகளுக்குச் சேலம் சின்னப்பம்பட்டி நடராஜன் என்றால் உயிர். பையனுக்கு மணீஷ் பாண்டே. இருவரும் தங்கள் ஆட்களின் பெருமையைச் சொல்லிச் சொல்லிப் பருப்பைப் பிதுக்கினார்கள்.

அண்ணன் ஒரு பழைய கதை சொன்னார். ரஞ்சிக் கோப்பைப் போட்டிகளின் முதல் ஆட்டமே மெட்ராஸுக்கும் மைசூருக்கும்தானாம்! 1934 நவம்பர் 4-ந் தேதி, சேப்பாக்கத்தில். மைசூர் 48-ம் 59-ம் எடுக்க, மெட்ராஸ் 130 எடுத்து ஒரே நாளில் ஜெயித்துவிட்டது. ஏ.ஜி. ராம்சிங் பதினொரு விக்கெட்.

"அப்ப அதுக்குத்தான் இவங்க பழி வாங்கறாங்க" என்றாள் அண்ணி. பையன் முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தான்.

"எங்க லைன்ல பாதிப் பேரு கன்னடக்காரங்க. தோத்தவங்க பிரியாணி வாங்கித் தரணும்னு பேச்சு" என்றார் அண்ணன். "உங்களுக்கு யார் ஜெயிக்கணும் பெரியம்மா?" என்று நான் கேட்டேன்.

"யார் ஜெயிச்சா என்ன? சாயங்காலம் பஸ் ஓடினா சரி" என்றார் பெரியம்மா, அண்டாவிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பெண்கள் பார்த்த ஃபைனல்

திங்கட்கிழமை விடிகாலையில் அண்ணன் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடினார். கர்நாடகாவில் அன்று கனகதாசர் ஜெயந்தி, பள்ளிக்கூடம் லீவு. நம் ஊரில் பள்ளி உண்டு. ஆக, பெங்களூர்ப் பையன் வீட்டில் ஜம்மென்று உட்கார, மத்தூர்ப் பெண் அழுதுகொண்டே பையை மாட்டினாள். "பாட்டி, ஸ்கோர் எல்லாம் எழுதி வை" என்று நோட்டும் பென்சிலும் கொடுத்துவிட்டுப் போனாள்.

நடுப்பகலில் ஆட்டம் ஆரம்பம். பெரியம்மாவுக்கு இரத்த அழுத்தம் உண்டு. "காலை மாத்திரையைப் போட்டாச்சா?" என்று கேட்டு நிச்சயப்படுத்திக் கொண்டோம். எண்ணெய்ப் பலகாரம் வேண்டாமென்று வேர்க்கடலையை வேகவைத்துத் தட்டில் வைத்தாள் அண்ணி. டி.வி.க்கு எட்டடி தள்ளியே பாய் விரித்தோம். பக்கத்து வீட்டுப் பெண்மணிகள் இரண்டு பேர் கைவேலையோடு வந்து சேர்ந்தார்கள். ஆண்கள் எல்லாம் வேலைக்குப் போய்விட, அந்தத் தெருவில் ஃபைனலை முழுசாகப் பார்த்தது பெண்கள்தான்!

கர்நாடகா 151. நம் சாய் கிஷோர் பன்னிரண்டு ரன் மட்டும் கொடுத்து மூன்று விக்கெட். இலக்கு 152. ஜகதீசன் நிதானமாக 41 எடுத்தார். ஆனாலும் ஆட்டம் இழுத்துக்கொண்டே போயிற்று. கடைசி ஓவரில் 16 ரன் வேண்டும். அண்ணி நோட்டை மூடிவிட்டாள். பையன் இரண்டு கையையும் கோத்து நெற்றியில் வைத்துக்கொண்டான்.

முதல் பந்தில் சாய் கிஷோர் ஒரு பவுண்டரி. பிறகு ஒன்றும் இரண்டுமாய் நகர்ந்து, கடைசிப் பந்துக்கு ஐந்து ரன். ஷாருக் கான், சினிமாக்காரர் இல்லை, நம் சென்னைப் பிள்ளை, அந்தப் பந்தைத் தூக்கி அடித்தார் பாருங்கள். சிக்ஸர்! சூரத்தில் ஒரு ரன்னில் போன கோப்பை டில்லியில் ஒரே அடியில் வந்தது.

பக்கத்து வீட்டு அம்மாள் கைதட்டினார். பெரியம்மா தட்டவில்லை, பேரனைத்தான் பார்த்தார். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, ஸ்கோர் நோட்டை எடுத்துக் கடைசி வரியைத் தானே எழுதினான். அப்புறம் செருப்பை மாட்டினான்.

"எங்கேடா?"

"ஸ்கூலுக்கு. நான்தான் அவகிட்ட சொல்லுவேன். வேற யாரும் சொல்லக்கூடாது."

நானும் அண்ணியும் பின்னாலேயே போனோம். பள்ளி விட்டதும் ஓடிவந்த பெண், அவன் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டு குதிக்கப் போனாள். என்னவோ தோன்றியிருக்க வேண்டும், நின்றுவிட்டாள். "உங்க டீம் ஜெயிச்சிடுச்சு. கடைசி பால் சிக்ஸர்" என்று குடையை மட்டையாக்கி அடித்துக் காட்டினான் அவன். "அழுதியா?" "கொஞ்சம்." இருவரும் நோட்டைப் பிரித்து ஓவர் ஓவராகப் படித்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தார்கள்.

சாயங்காலம் அக்காவும் பையனும் பெங்களூருக்குக் கிளம்பினார்கள். பஸ் ஓடியது. எவர்சில்வர் தூக்கில் பிதுக்கம் பருப்புக் குழம்பும் கூடவே போயிற்று.

அதற்குப் பிறகு 2023 செப்டம்பரில் காவிரிக்காக மறுபடியும் பந்த் நடந்து, நம் பஸ்கள் எல்லையில் நின்றன. அப்போது பெரியம்மா போனில் பேரனிடம் முதலில் கேட்டது, "சாப்பிட்டியா?" என்றுதான். இரண்டாவது கேள்வி, "அடுத்த மாட்ச் எப்போ?" விளையாட்டுப் பகை எத்தனை வருஷம் வேண்டுமானாலும் இருந்துவிட்டுப் போகட்டும், அதில் தோற்றவன் மறுநாள் ஜெயிக்கலாம் என்பது அவருக்கும் பிடித்துப் போய்விட்டது.

பிதுக்கம் பருப்புக் குழம்பு

பிதுக்கிய பருப்பு இரண்டு கப். காய்ந்த மிளகாய் ஆறு, தனியா இரண்டு ஸ்பூன், சிறு துண்டு பட்டை, கிராம்பு இரண்டு இவற்றை வறுத்து, அரைக் கப் தேங்காய்த் துருவல், பத்துச் சின்ன வெங்காயம், ஆறு பல் பூண்டோடு நைசாக அரைத்துக் கொள்ளுங்கள். கடுகு, கறிவேப்பிலை, பெருங்காயம் தாளித்து, வெங்காயமும் இரண்டு தக்காளியும் வதக்கி, பருப்பைப் போட்டு, மூழ்கத் தண்ணீர் விட்டு வேக விடுங்கள். பருப்பு வெந்து உடையாமல் இருக்கும்போதே அரைத்த மசாலாவும் உப்பும் சேர்த்துக் கொதிக்க வைத்து, கொத்தமல்லி தூவி இறக்குங்கள். ராகிக் களிக்கு இதைப்போல ஜோடி கிடையாது. வாயுத் தொல்லை உள்ளவர்கள் பூண்டையும் பெருங்காயத்தையும் கொஞ்சம் கூட்டிக் கொள்ளலாம்.

போக நினைப்பவர்களுக்கு

சென்னை, பெங்களூர் இரண்டு ஊரிலிருந்தும் கிருஷ்ணகிரிக்கு அடிக்கடி பஸ் உண்டு. அங்கிருந்து ஊத்தங்கரை, திருவண்ணாமலை போகும் பஸ்ஸில் ஏறினால் மத்தூர். குழந்தைகளோடு போனால் கிருஷ்ணகிரி அணையையும் மலைக்கோட்டையையும் காட்டலாம். ஓசூர் பக்கம் தொரப்பள்ளியில் ராஜாஜி பிறந்த ஊரைப் பார்க்கலாம். மாம்பழத்துக்குப் போகிறவர்கள் வைகாசி, ஆனியில் போங்கள். அவரைக்கு மார்கழி, தை. ஞாயிற்றுக்கிழமை போச்சம்பள்ளிச் சந்தையை மட்டும் தவற விடாதீர்கள். கையோடு நல்ல புளி வாங்கி வாருங்கள், வருஷம் பூராவும் தாங்கும்.